எக்செல் மக்ரோ பழகுகிறவர்களுக்கு: பிழையைப் பார்த்துப் புத்தகத்தைத் திறக்கும் வழி

எக்செல் ஒரு வேலையைத் தானாகச் செய்யும்படி எழுதும் செய்நிரல்தான் மக்ரோ. யாழ்ப்பாணத்தில் அதைப் பழகத் தொடங்கும் பலரிடம் இருப்பது ஒரு தடித்த ஆங்கில உசாத்துணை நூல்தான். வெளிநாட்டில் இருந்து வந்த மாமா விட்டுப் போனதாக இருக்கலாம், பழைய புத்தகக் கடையில் வாங்கியதாக இருக்கலாம், நூலகத்தில் இருந்து போட்டோக்கொப்பி எடுத்ததாகவும் இருக்கலாம். பக்கம் ஒன்றில் தொடங்குவார்கள். மாறி (வேரியபிள்), தரவு வகை, லூப் என்று நூறு பக்கம் போகும். பிறகு புத்தகம் அலுமாரிக்குப் போய்விடும்.

இந்த வகைப் புத்தகம் முன்னால் இருந்து வாசிக்க எழுதப்பட்டதல்ல. அதன் வாசல் பின்பக்கச் சொல்லடைவு. முதலில் கையில் ஒரு வேலை இருக்கவேண்டும்: சங்கத்தின் சந்தாக் கணக்கு, வகுப்பின் புள்ளிப் பட்டியல், கோயில் உபயகாரர் விபரம், எதுவானாலும் சரி. அதைச் செய்யப்போய் ஒரு பிழை வரும். அந்தப் பிழையோடு சொல்லடைவைத் திறந்தால் புத்தகம் பேசத் தொடங்கும்.

பிழைப் பெட்டி வந்தவுடன் பதறி மூடிவிடாதீர்கள். அதிலுள்ள எண்ணைக் கொப்பியில் குறியுங்கள். பிரான்சில் இருந்து வந்த லப்டொப்பில் செய்தி பிரெஞ்சில் இருக்கலாம், ஜேர்மனியில் இருந்து வந்ததில் ஜேர்மன் மொழியில் இருக்கலாம். 9 என்ற பிழை எந்த மொழியிலும் 9தான். பிறகு 'டிபக்' பட்டனை அழுத்துங்கள். செய்நிரல் எங்கே நின்றதோ அந்த வரி மஞ்சளாகத் தெரியும். எண்ணும் மஞ்சள் வரியும் தெரிந்தால், ஆயிரம் பக்கப் புத்தகத்தில் நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டு மூன்று பக்கந்தான்.

தொடங்குவதற்கு முன் இரண்டு ஏற்பாடு. மக்ரோ ஷீற்றில் மாற்றியதைக் கொன்ட்ரோல்-இசட் அழுத்தித் திருப்ப முடியாது, ஆகவே எப்போதும் கோப்பின் பிரதி ஒன்றில்தான் பழகவேண்டும். இரண்டாவது, மக்ரோ எழுதும் ஜன்னலான எடிற்றரில் (ஆல்ட்-எஃப்11) டூல்ஸ், ஒப்ஷன்ஸ் போய் 'றிக்குவயர் வேரியபிள் டிக்ளறேஷன்' என்ற பெட்டியில் சரி போடுங்கள். அதன்பின் உருவாக்கும் ஒவ்வொரு மொடியூலின் (செய்நிரல் எழுதும் பக்கத்தின்) தலையிலும் 'ஒப்ஷன் எக்ஸ்பிளிசிற்' என்ற வரி தானாக வரும். பல புத்தகங்கள் இதை ஒரு மூலையில் சொல்லிவிட்டுப் போய்விடும். முதலில் அறிவிக்காத மாறியை அது ஏற்காது, ஆகவே பெயரைத் தப்பாக அடிப்பதால் வரும் பிழைகளை இந்த ஒரு வரியே தடுக்கும்.

எதைத் தேடுவது என்றே தெரியவில்லை

ஒரு நிரலுக்கு (கொலம்) மஞ்சள் நிறம் பூசவேண்டும் என்று வையுங்கள். சொல்லடைவில் நிறம் என்று தேடினால் வரைபடத்தின் நிறம், எழுத்தின் நிறம், ஷீற் தாவலின் நிறம் எல்லாம் வரும். மக்ரோ றெக்கோடரை ஓடவிட்டு அந்த வேலையை ஒருமுறை கையால் செய்துவிட்டு நிறுத்துங்கள். ஆல்ட்-எஃப்11 அழுத்தி அது எழுதியதைப் பாருங்கள். அதில் 'இன்ரீரியர்' என்று ஒரு சொல் இருக்கும். செல்லின் உட்புற நிறத்துக்கு எக்செல் வைத்திருக்கும் பெயர் அது. யாரும் ஊகித்துத் தேடக்கூடிய பெயரல்ல. இப்போது அந்தச் சொல்லைச் சொல்லடைவில் பாருங்கள். எடிற்றரில் அந்தச் சொல்லின்மேல் கேசரை வைத்து எஃப்1 அழுத்தினாலும் உதவிப் பக்கம் திறக்கும், இணைய இணைப்பு இருந்தால்.

றெக்கோடர் எழுதியதை அப்படியே வேலைக்கு வைத்துக்கொள்ளவேண்டாம். அது லூப் (திரும்பத் திரும்பச் செய்வது) எழுதாது, 'இஃப்' (நிபந்தனை) எழுதாது, நீங்கள் சொடுக்கிய ஒவ்வொரு இடத்தையும் 'செலெக்ற்' என்று பதிந்துவைக்கும். பெயர் தெரிந்துகொள்ள மட்டுந்தான் அது.

புத்தகத்தில் உள்ள மெனு திரையில் இல்லை

புத்தகத்தின் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். எக்செல் 2007இல் பழைய மெனுக்கள் போய், தாவல்களோடு மேலே நிற்கும் றிபன் பட்டை வந்தது. அதற்கு முந்திய புத்தகம் 'டூல்ஸ் மெனுவில் மக்ரோ' என்று சொன்னால், இன்றைக்கு அது டெவலப்பர் தாவல். அந்தத் தாவலும் முதலில் மறைந்திருக்கும். ஃபைல், ஒப்ஷன்ஸ், கஸ்ரமைஸ் றிபன் என்று போய் டெவலப்பருக்குச் சரி போட்டால் வரும். தாவல் இல்லாவிட்டாலும் ஆல்ட்-எஃப்11 வேலை செய்யும். சில லப்டொப்பில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும்.

பழைய புத்தகம் என்பதற்காகத் தூக்கி எறியவேண்டாம். மக்ரோ எழுதும் மொழியான வி.பி.ஏ. எக்செலுக்குள் வந்தது 1993இல், எக்செல் 5 உடன். இன்றைய எடிற்றர் எக்செல் 97இல் வந்த எடிற்றரின் அதே முகத்தோடுதான் இருக்கிறது. செய்நிரல் பகுதியில் பெரும்பாலானவை இன்றும் ஓடும். ஓடாத இடங்கள் சிலவற்றைத் தெரிந்துவைத்தால் போதும். கடைசி நிரையைக் (றோ) கண்டுபிடிக்கப் பழைய புத்தகங்கள் 65536 என்ற எண்ணை நேரடியாக எழுதியிருக்கும், ஏனென்றால் அப்போது ஒரு ஷீற்றுக்கு அவ்வளவு நிரைதான். இப்போது 1,048,576. எண்ணுக்குப் பதிலாக 'றோஸ் டொட் கவுன்ற்' என்று எழுதினால் எந்தப் பதிப்பிலும் சரி. போல்டரில் கோப்புத் தேடும் 'ஃபைல்சேர்ச்' 2007இல் நீக்கப்பட்டது. அதை எழுதினால் 445 என்ற பிழை வரும். 'டிர்' என்ற செயற்பாட்டை அதே புத்தகத்தில் தேடுங்கள், இருக்கும். விண்டோஸின் உள்செயற்பாடுகளை அழைக்கும் 'டிக்ளேர்' வரிகளுக்கு 64 பிற் ஒஃபிஸில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லையும் சேர்க்கவேண்டும்.

போனில் உள்ள எக்செலிலும் இணையத்தில் திறக்கும் எக்செலிலும் வி.பி.ஏ. ஓடாது. கூகுள் ஷீற்ஸில் உள்ளது வேறு மொழி, அதற்கு இந்தப் புத்தகம் உதவாது.

எழுதிய மக்ரோ அடுத்த நாள் காணவில்லை

கோப்பு சாதாரண எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வகையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த வகை மக்ரோவைத் தாங்காது. சேமிக்கும்போது எக்செல் எச்சரித்திருக்கும், 'யெஸ்' அழுத்தியிருப்பீர்கள். கோப்பை மூடும் வரைக்கும் மக்ரோ எடிற்றரில் தெரிந்துகொண்டேயிருக்கும் என்பதால் சேமிப்பானது போலத் தோன்றும். எக்ஸ்.எல்.எஸ்.எம். வகையில் சேமியுங்கள். போனது போனதுதான்.

மக்ரோ இருக்கிறது, ஆனால் ஓட விடவில்லை என்றால் மேலே வரும் பட்டையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் 'எனேபிள் கொன்ரென்ற்' அழுத்தினால் முடிந்தது. சிவப்பு என்றால் கோப்பு இணையத்தில் இருந்து இறங்கியது என்று விண்டோஸ் அடையாளம் வைத்திருக்கிறது. மின்னஞ்சலில் வந்தாலும் கணினியில் வட்ஸ்அப்பில் இருந்து இறக்கினாலும் இந்த அடையாளம் விழும். 2022இல் இருந்து ஒஃபிஸ் அப்படிப்பட்ட கோப்பின் மக்ரோவை அடியோடு மறிக்கிறது. கோப்பின்மேல் வலது சொடுக்கு, புறொப்பர்ட்டீஸ், கீழே 'அன்புளொக்'. யார் எழுதியது என்று தெரிந்த கோப்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். இந்த அடையாளம் விண்டோஸ் கணினியின் வழமையான என்.ரி.எஃப்.எஸ். வகைத் தட்டுகளில்தான் தங்கும், பென்ட்ரைவ் பெரும்பாலும் வேறு வகை. அதனால்தான் சாதாரண பென்ட்ரைவில் கைமாறி வந்த அதே கோப்பு சத்தமில்லாமல் திறக்கிறது. அதைக் கண்டு பென்ட்ரைவ் பாதுகாப்பானது என்று நினைக்கவேண்டாம், நிலைமை நேர்மாறு.

நீங்களே எழுதிய செயற்பாட்டைச் செல்லில் போட்டால் 'நேம்' என்ற பிழை வருகிறதா? எடிற்றரில் அதை ஷீற்றுக்குரிய செய்நிரல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இன்சேர்ட், மொடியூல் போட்டு அங்கே மாற்றுங்கள்.

பார்த்து அடித்தாலும் வரி சிவப்பாகிறது

புத்தகத்தின் பக்கம் ஒடுக்கம். நீண்ட வரியை உடைக்க அச்சில் வரியின் முடிவில் ஓர் அடிக்கோடு போடுவார்கள். அந்த அடிக்கோட்டுக்கு முன் ஓர் இடைவெளி கட்டாயம். அச்சில் இடைவெளி கண்ணுக்குப் படாது. அதை விட்டுவிட்டால் முழு வரியும் சிவக்கும். பி.டி.எஃப். இல் இருந்து கொப்பி பண்ணினால் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக வரும். வி.பி.ஏ.க்கு நேர்க்குறிதான் வேண்டும், அவற்றை அழித்துக் கையால் அடியுங்கள்.

செல்லில் அடிக்கும் சூத்திரத்தை எக்செல் ஏற்கவில்லை என்றால், அது வெளிநாட்டு லப்டொப்பா என்று பாருங்கள். பிரெஞ்சு, ஜேர்மன் பிராந்திய அமைப்பில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆகவே சூத்திரத்துக்குள் பிரிப்பதற்கு அரைப்புள்ளி. ஒஃபிஸின் மொழியும் மாறியிருந்தால் 'சம்' என்ற பெயரே செல்லில் செல்லாது. வேடிக்கை என்னவென்றால், செய்நிரலில் 'ஃபோர்மியுலா' என்ற பண்பின் வழியாக எழுதும்போது எந்த நாட்டு லப்டொப்பிலும் ஆங்கிலப் பெயரும் காற்புள்ளியுந்தான். கொன்ட்ரோல் பனலில் பிராந்தியத்தை இலங்கைக்கு மாற்றிவிடுவது நல்லது. கீழே திகதிப் பகுதியிலும் அது உதவும்.

1004

இந்த எண் அதிகம் சொல்லாது. ஷீற் பூட்டியிருந்தாலும் 1004, இல்லாத இடத்தைக் கேட்டாலும் 1004. மஞ்சள் வரியைத்தான் நம்பவேண்டும்.

புத்தகத்தைப் பார்த்து அடிக்கிறவர்களுக்கு என்றே ஒரு 1004 இருக்கிறது. எக்செலின் சொந்த மாறிலிகளின் (மாறாத பெறுமானங்களின்) பெயர்கள் எக்ஸ், எல் என்ற இரண்டு சின்ன எழுத்துகளில் தொடங்கும். கடைசி நிரையைத் தேடும் வரியில் வரும் 'எக்ஸ்எல்அப்' அப்படிப்பட்டது. செய்நிரல் அச்சிடும் எழுத்துருவில் சின்ன 'எல்'லும் ஒன்று என்ற இலக்கமும் பிரித்தறிய முடியாத இரட்டையர். போட்டோக்கொப்பி என்றால் சொல்லவே வேண்டாம். எல்லுக்குப் பதிலாக ஒன்றை அடித்தால் வி.பி.ஏ. அதை நீங்கள் உருவாக்கிய புது மாறி என்று எடுத்துக்கொள்ளும். அதன் பெறுமானம் வெறுமை. எந்தத் திசையில் போவது என்று தெரியாமல் எக்செல் 1004 என்று கைவிரிக்கும். பத்துமுறை புத்தகத்தோடு ஒப்பிட்டாலும் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஒப்ஷன் எக்ஸ்பிளிசிற் இருந்தால் ஓடுவதற்கு முன்பே 'வேரியபிள் நொட் டிஃபைன்ட்' என்று அந்தச் சொல்லையே காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு சோதனை: எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடியுங்கள். தெரிந்த பெயர் என்றால், வரியை விட்டு நகர்ந்தவுடன் எடிற்றர் தானாகவே உள்ளே உள்ள பெரிய எழுத்தைச் சரிசெய்யும். மாறாமல் கிடந்தால் அந்தப் பெயரில் பிழை.

9, 91, 6, 13

9 என்றால் நீங்கள் கேட்ட பெயரில் ஷீற்றோ கோப்போ இல்லை. பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் வழமையான காரணம். ஷீற்றுக்குத் தை, மாசி என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

91 என்றால் ஷீற், செல் போன்ற பொருளைச் சுட்டும் மாறிக்கு முன் 'செற்' போடவில்லை, அல்லது 'ஃபைன்ட்' தேடியது கிடைக்கவில்லை. கிடைக்காதபோது அது பிழை சொல்லாது, 'நதிங்' என்று திருப்பித் தரும். அடுத்த வரியில் அந்த நதிங்கிடம் நிரை எண்ணைக் கேட்கும்போதுதான் 91. எனவே ஃபைன்டுக்கு அடுத்த வரி எப்போதும் 'நதிங்கா?' என்ற கேள்வியாக இருக்கட்டும்.

6 என்றால் நிரம்பி வழிந்துவிட்டது. புத்தகங்கள் உதாரணங்களுக்கு 'இன்ரிஜர்' வகையைத் தாராளமாகப் போடும். அதன் உச்சம் 32,767. அவர்களுடைய டொலர் உதாரணத்துக்குக் காணும், எங்கள் ரூபாய்க் கணக்குக்குக் காணாது. ஒரு மாதச் சம்பளமே தாண்டிவிடும். முழு எண்ணுக்கு 'லோங்', காசுக்கு 'கரன்சி' என்று வைத்துக்கொள்ளுங்கள். லோங் என்று அறிவித்த பிறகும் 6 வந்தால், வரியில் 350 பெருக்கல் 100 போல இரண்டு சிறிய எண்களை நேரடியாகப் பெருக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். விடையை வைக்கும் இடம் பெரிதாக இருந்தாலும், பெருக்கல் நடப்பது இன்ரிஜருக்குள்.

13 என்றால் வகை பொருந்தவில்லை. புள்ளிப் பட்டியலில் பரீட்சைக்கு வராதவருக்கு எண்ணுக்குப் பதிலாக எழுத்தில் ஏதாவது போட்டிருப்பார்கள். அதைக் கூட்டுத்தொகையோடு கூட்டப்போனால் 13. கூட்டுவதற்கு முன் 'இஸ்நியூமெறிக்' வைத்துக் கேளுங்கள்.

எழுதிய தமிழ் கேள்விக்குறியாகிறது

இதற்குப் புத்தகத்தில் பதில் இருக்காது, எழுதியவருக்கு இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூனிகோட் குறியீட்டை வி.பி.ஏ. எடிற்றர் அறியாதது. விண்டோஸின் பழைய எழுத்துக் குறியீட்டுப் பக்கங்களில் தமிழுக்கு ஒன்று இல்லவே இல்லை. எனவே கணினியின் மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றியும் பயனில்லை. மேற்கோளுக்குள் தமிழில் அடித்த அந்தக் கணமே எழுத்து கேள்விக்குறியாகிவிடும், திரும்பி வராது.

ஆனால் ஷீற்றில் உள்ள தமிழுக்கு ஒன்றும் ஆகாது. செல்லில் இருந்து மாறிக்குள் வாங்கிய தமிழ் உள்ளே முழுதாக இருக்கும். எடிற்றரின் இமீடியற் ஜன்னலில் (கொன்ட்ரோல்-ஜி) அச்சிட்டால் கேள்விக்குறியாகத் தெரிவது காட்டும் இடத்தின் குறைபாடு. அதை இன்னொரு செல்லில் எழுதிப் பாருங்கள், தமிழாகவே வரும். இந்த வேறுபாடு தெரியாமல் நன்றாக இருக்கும் தரவைக் 'கெட்டுப்போச்சு' என்று அழித்தவர்கள் உண்டு.

ஆகவே வழி இதுதான். சொற்களுக்கென்று ஒரு ஷீற் வையுங்கள். செய்நிரலுக்குத் தேவையான 'சித்தி', 'வரவில்லை', 'யாழ்ப்பாணம்' எல்லாவற்றையும் அதில் எழுதி, செய்நிரல் அங்கிருந்து வாசிக்கட்டும். தமிழ்ப் பெயருள்ள ஷீற்றைச் செய்நிரலில் பெயரை நேரடியாக எழுதி அழைக்க முடியாது. எடிற்றரின் இடப்பக்கப் பட்டியலில் அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் உட்பெயரால் அழையுங்கள். அதில் இன்னொரு நன்மை, யாராவது தாவலின் பெயரை மாற்றினாலும் செய்நிரல் முறியாது. செய்திப் பெட்டியான 'மெசேஜ்பொக்ஸ்' தமிழைக் காட்டாது. தமிழில் காட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு செல்லில் அல்லது நீங்களே வடிவமைக்கும் பெட்டியான யூசர்ஃபோமின் லேபிளில் காட்டுங்கள்.

எழுத்து எண்ணிக்கையும் தடுமாறவைக்கும். 'யாழ்ப்பாணம்' எங்கள் கணக்கில் ஆறு எழுத்து. எழுத்துகளை எண்ணும் 'லென்' 11 என்று சொல்லும். யகரம் ஒன்று, அரவு ஒன்று, ழகரம் ஒன்று, குற்று ஒன்று என்று அது தனித்தனியாக எண்ணும். இடப்பக்கத்தில் இருந்து மூன்று எழுத்துக் கேட்டால் குற்றில்லாமல் 'யாழ' என்று வரும்.

இதைவிட மோசமானது கொக்குவில் பிரச்சினை. ஊர்வாரியாகப் பிரிக்கும் மக்ரோ கோண்டாவிலையும் கொக்குவிலையும் பாதி எடுத்துப் பாதி விட்டுவிடும், மானிப்பாய் முழுதாக வரும். திரையில் இரண்டு 'கொக்குவில்'லும் ஒன்றுபோலவே இருக்கும். லென் போட்டுப் பாருங்கள்: ஒன்று 10, மற்றது 11. 'கொ' என்ற எழுத்தின் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி அரவு தனியாகவும் எழுதலாம். எதில் அடித்தார்கள், எதில் இருந்து மாற்றினார்கள் என்பதைப் பொறுத்து இரண்டும் கலந்து வரும். செய்நிரலுக்கு அவை வேறு வேறு சொல். ஒப்பிடுவதற்கு முன் 'றிப்பிளேஸ்' வைத்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்: குறியீட்டு எண்ணைக் கொடுத்தால் எழுத்தைத் தரும் 'சிஎச்ஆர்டபிள்யூ' வைத்து, 3014உம் 3006உம் சேர்ந்து வரும் இடத்தில் 3018, 3015உம் 3006உம் வரும் இடத்தில் 3019. ஒகரத்துக்கு முதலாவது, ஓகாரத்துக்கு இரண்டாவது.

பழைய கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால் இவை எதுவும் பொருந்தாது. அங்கே செல்லுக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுந்தான், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மக்ரோவுக்கு வாருங்கள்.

திகதியில் நாளும் மாதமும் இடம்மாறுகின்றன

நிரலை அகலமாக்கிவிட்டுப் பாருங்கள். சில திகதிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நின்றால் விஷயம் விளங்கிவிடும். காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பான சி.எஸ்.வி.யை மக்ரோ வழியாகத் திறந்தால் எக்செல் அமெரிக்க முறையில், மாதம் முதலில் என்று வாசிக்கும். 03/04/2025 சித்திரை (ஏப்ரல்) 3 ஆக இருக்கவேண்டியது பங்குனி (மார்ச்) 4 ஆகி வலப்பக்கம் நிற்கும். 25/04/2025 இல் 25ஆம் மாதம் இல்லையென்பதால் எழுத்தாகவே விடப்பட்டு இடப்பக்கம் நிற்கும். இதில் ஆபத்தானவை வலப்பக்கம் நிற்பவை, பார்வைக்குச் சரியானவை போல இருப்பதால். 'வேர்க்புக்ஸ் ஓப்பின்' வரியில் 'லோக்கல்' என்பதற்கு 'ட்ரூ' கொடுங்கள், கணினியின் பிராந்தியம் இலங்கையாக இருக்கட்டும். செய்நிரலுக்குள் திகதியை எழுத 'டேற்சீரியல்' ஒன்றையே பயன்படுத்துங்கள்: ஆண்டு, மாதம், நாள். மயக்கத்துக்கு இடமில்லை.

அடையாள அட்டை எண்ணில் இருந்து எடுத்த பிறந்த திகதி ஒரு நாள் பிந்துகிறது

அலுவலகங்களில் அதிகம் கேட்கப்படும் மக்ரோ இது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும்; முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. 2016இல் இருந்து வரும் அட்டையில் பன்னிரண்டு இலக்கம். முதல் நான்கு ஆண்டு, அடுத்த மூன்று நாள். பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருக்கும்.

புத்தகத்தைப் பார்த்து டேற்சீரியலில் ஆண்டையும், மாதத்துக்கு 1ஐயும், நாளுக்கு அந்த மூன்று இலக்கத்தையும் கொடுப்பீர்கள். தை, மாசியில் (ஜனவரி, பெப்ரவரி) பிறந்தவர்களுக்குச் சரியாக வரும். பங்குனியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களில் பலருக்கு ஒரு நாள் பிந்தும், சிலருக்குச் சரியாக இருக்கும். செய்நிரலில் பிழை தேடினால் கிடைக்காது. அட்டை எண் வழங்கும் முறையில் எல்லா ஆண்டுக்கும் மாசிக்கு 29 நாள் என்றுதான் கணக்கு. 061 என்றால் எந்த ஆண்டிலும் பங்குனி 1. எக்செலோ 1985இன் 61ஆம் நாள் பங்குனி 2 என்று சரியாகவே சொல்கிறது. மாசிக்கு உண்மையிலேயே 29 நாள் வரும் நெட்டாண்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் இரண்டும் ஒத்துப்போகும்.

தீர்வு எளிது. 500ஐ விட அதிகமானால் 500ஐக் கழியுங்கள். பிறகு 2000 என்ற நெட்டாண்டை வைத்து டேற்சீரியல் போட்டு, அதில் இருந்து மாதத்தையும் நாளையும் மட்டும் எடுங்கள். அந்த இரண்டையும் அவருடைய உண்மையான ஆண்டோடு சேர்த்து இரண்டாவது டேற்சீரியல். பழைய அட்டையின் ஆண்டுக்கு 1900ஐ நீங்களே கூட்டுங்கள். இரண்டு இலக்கமாக விட்டால் 28இல் பிறந்த ஆச்சியை வி.பி.ஏ. 2028க்கு அனுப்பிவிடும். (எக்செலையும் பெரிதாக நம்பவேண்டாம். 1900 நெட்டாண்டல்ல, ஆனாலும் அது 1900 மாசி 29 என்று ஒரு நாளை வைத்திருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளுடன் ஒத்துப்போவதற்காக வந்த பழைய பிழை.)

பன்னிரண்டு இலக்க எண்ணை எழுத்தாக வைக்கும் ஸ்ரிங் வகையில்தான் வைக்கவேண்டும், லோங் தாங்காது. செல்லையும் எழுத்து வடிவத்துக்கு முதலே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது பத்தின் அடுக்காகச் சுருங்கித் தெரியும். தெரிவதுடன் நின்றால் பரவாயில்லை. அந்த நிலையில் சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் உண்மையிலேயே போய்விடும். 021இல் தொடங்கும் தொலைபேசி எண்ணின் பூச்சியம் காணாமற் போவதும் இதே காரணத்தால்.

ஓடத் தொடங்கியது நிற்கவில்லை

எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள், அல்லது கொன்ட்ரோல்-பிறேக். நின்றதும் டிபக் அழுத்தி, லூப்புக்குள் நிரை எண்ணைக் கூட்டும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதைத்தான் விட்டிருப்பீர்கள். ஓடவிடுவதற்கு முன் சேமிக்கும் பழக்கம் வேண்டும். கரண்ட் போனாலும் அதுதான் கைகொடுக்கும், எக்செலின் தானியங்கிச் சேமிப்பு வழமையாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான்.

நிற்கிறது, ஆனால் ஆமை வேகம் என்றால் செல் செல்லாக வாசிக்கிறீர்கள். முழு றேஞ்சையும் (செல் தொகுதியையும்) ஒரே வரியில் ஒரு மாறிக்குள் வாங்கி, அங்கே வேலையை முடித்து, ஒரே வரியில் திருப்பி எழுதுங்கள். புத்தகத்தில் 'அறே' என்ற தலைப்பில் இருக்கும்.

"அண்ணை, நேற்று வடிவா ஓடினது, இண்டைக்கு ஒண்டும் நடக்குதில்லை"

செல்லை மாற்றியவுடன் தானாக ஓடும் நிகழ்வு மக்ரோவா என்று முதலில் கேட்பேன். அப்படியென்றால் அதற்குள் 'எனேபிள் ஈவென்ற்ஸ்' என்பதை 'ஃபோல்ஸ்' ஆக்கியிருப்பார்கள், தன்னைத் தானே அழைக்காமல் இருக்க. நடுவில் ஒரு பிழை வந்து நின்றிருந்தால் அதை மீண்டும் 'ட்ரூ' ஆக்கும் வரி ஓடியிருக்காது. எக்செலை மூடும் வரைக்கும் எந்த நிகழ்வும் வேலை செய்யாது. கொன்ட்ரோல்-ஜி அழுத்தி இமீடியற் ஜன்னலில் 'அப்ளிகேஷன் டொட் எனேபிள் ஈவென்ற்ஸ்' சமன் 'ட்ரூ' என்று ஆங்கிலத்தில் அடித்து என்ரர் போடுங்கள்.

நிகழ்வு இல்லை, ஃபைன்ட் இருக்கிறது என்றால் வேறு காரணம். ஃபைன்ட் கடைசியாகத் தேடிய அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும், நீங்கள் கொன்ட்ரோல்-எஃப் வழியாகக் கையால் தேடியதையும் சேர்த்து. 'முழுச் செல்லும் பொருந்தவேண்டும்' என்று அங்கே சரி போட்டிருந்தால் மக்ரோவும் அப்படியே தேடும். எங்கே தேடுவது, எப்படிப் பொருத்துவது என்ற இரண்டையும் ஒவ்வொரு ஃபைன்ட் வரியிலும் எழுதிவிடுங்கள்.

பிழை இல்லை, விடை மட்டும் பிழை

எண்ணும் இல்லை, மஞ்சள் வரியும் இல்லை. இங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எஃப்8 விசையை எடுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு வரி ஓடும். மாறியின்மேல் மவுசை வைத்தால் அப்போதைய பெறுமானம் தெரியும்.

வகுப்பில் எல்லோருக்கும் எஸ் சித்தி (35இல் தொடங்கும் சாதாரண சித்தி) மட்டும் வருகிறது என்றால், எஃப்8 போட்டு 90 புள்ளி எடுத்த பிள்ளையின் நிரையைப் பின்தொடருங்கள். முதல் 'இஃப்' 35க்கு மேலா என்று கேட்கும், ஆம், எஸ் என்று எழுதிவிட்டு நேரே 'என்ட் இஃப்' இற்குத் தாவிவிடும். 75க்கான ஏ சித்தி வரியை அது எட்டிக்கூடப் பார்க்காது. உயர்ந்த எல்லையில் இருந்து கீழே வரும்படி வரிசையை மாற்றுங்கள்.

பரீட்சைக்கே வராதவர் சித்தியடையாதவராக வருகிறார் என்றால் அவருடைய செல் வெறுமையாக இருக்கிறது. வெறுமையை எண்ணோடு ஒப்பிடும்போது வி.பி.ஏ. அதைப் பூச்சியமாக எடுக்கும், 35ஐ விடக் குறைவு என்று முடிவுகட்டும். புள்ளியைப் பார்ப்பதற்கு முன் 'இஸ்எம்ரி' என்று கேளுங்கள். ஒரு தந்திரம்: முழுப் பட்டியலில் ஓடவிடாமல் நான்கு நிரை மட்டும் உள்ள ஷீற்றில் முதலில் ஓடவிடுங்கள். ஒருவருக்குச் சரியாக 75, ஒருவருக்கு 74, ஒருவருக்குப் பூச்சியம், ஒருவருக்கு வெறுமை. பூச்சியமும் வெறுமையும் ஒரே விடை தந்தால் அந்த மக்ரோவை இன்னும் அதிபரிடம் கொடுக்கவேண்டாம்.